மருந்தடிக்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை

…மருந்தா? இதுக்கா மருந்து? ஐயோ வக்கீலம்மா, முதல்ல அந்த பாட்டிலை ஆட்டாதீங்க. இருமல் மருந்தா அது, அந்தக் குலுக்கு குலுக்கறீங்க? குடுங்க இங்க. குடுங்கன்னேன். உள்ள வாங்க. வாசல்ல நின்னு பேசி முடிக்கிற விஷயமா இது? ஒரு நிமிஷம்தான். செருப்பு இருக்கட்டும், கழட்ட வேணாம். சரி, கழட்டிட்டீங்க, நல்லது. அந்த நாற்காலி வேணாம், ஒரு கால் ஆடும். இதுல உட்காருங்க.

நம்பர்தானே? இருக்கு. மருந்தடிக்கிறவர் நம்பர் எங்கிட்டதான் இருக்கு, வேற யாரைக் கேட்பீங்க? இந்தக் கட்டிடத்துல எந்த வீட்டுக்கு மருந்தடிச்சாலும் முதல்ல எனக்கு ஒரு ஃபோன் பண்ணணும், அப்படி சொல்லி வெச்சிருக்கேன் அவர்கிட்ட. நான் எடுத்து வேணாம்னா வேணாம். எடுக்கலைன்னா நான் ஊர்ல இல்லைன்னு அர்த்தம், அடிச்சுக்கட்டும். அந்த மனுஷனுக்கும் பொழப்பு நடக்கணுமில்ல? நியாயமான ஏற்பாடு. நானே யோசிச்சு சொன்னது… தரேன், தரேன், எங்க ஓடிப் போகுது நம்பர்?

இதோ பாருங்க, பாட்டிலை மேசை மேல வெச்சு ஒரு துண்டு போட்டு மூடிட்டேன். அதுகளுக்கு வெளிச்சம் ஆகாது. ஏறி வந்துடும்னு பயப்படாதீங்க, கண்ணாடியில ஏற அதுகளுக்குக் கால் நிக்காது. உள்ள ஒரு அட்டைத் துண்டு போட்டிருக்கீங்களே, எதுக்கு? அதோட சேர்த்து அள்ளினீங்களா? பரவால்லையே. உங்களை அறியாம நல்ல காரியம் பண்ணியிருக்கீங்க. நல்லவேளை, செருப்பால அடிச்சுக் கொண்டு வரல. இதுக்கு முன்னாடி ஒருத்தர் தீப்பெட்டியில கொண்டு வந்து காட்டினார், வெறும் சாம்பல்.

ராமபாணப் பூச்சி. பேரைக் கேட்டா மலையைத் துளைச்சுட்டுப் போகும்போல இருக்கு. விரல் பட்டா தூள். உங்க கேஸ் கட்டையெல்லாம் அரிச்சிருக்கா? ஓரத்துல, பசை ஒட்டின இடத்துல மட்டும்? அதானே. அது பசையைத்தான் தின்னும், வாதத்தைத் தொடாது. சட்டம் அதுக்கு ஜீரணமாகாது. சிரிங்க கொஞ்சம், வந்ததுலேர்ந்து முகத்தைத் தூக்கி வெச்சுகிட்டு…

நான் என்ன பண்றேன்னு கேட்டீங்கல்ல அன்னிக்கு, லிஃப்ட்ல? கேட்கலையா? கேட்டிருக்கணும். சொல்றேன். இதுதான் பண்றேன். உங்க பாட்டில்ல இருக்குறதுதான் என் வேலை, என் படிப்பு, என் பேருக்கு முன்னாடி போட்டுக்கிற பட்டம், எல்லாம். பல்கலைக்கழகத்துல எனக்கு ஒரு அறை இருக்கு. நடைவழிக் கடைசி, மாடிப்படிக்குப் பக்கத்துல. நான் போறதுக்கு முன்னாடி உடைஞ்ச நாற்காலி போட்டு வெச்சிருந்த இடம். அங்க பெட்டி பெட்டியா இதுகளை வளர்க்கறேன். முட்டை அட்டை, ஓட்ஸ் தூள், ஈரம் குறையாம இருக்க ஒரு கிண்ணத்துல உப்புக் கரைசல். அவ்வளவுதான் செலவு. கேட்டா வாயடைச்சுப் போவீங்க. நீங்க ஏற்கனவே அடைச்சுத்தான் வெச்சிருக்கீங்க.

ஆனா மத்தவங்க எல்லாருக்கும் என்ன வேணும்? ஈ! பழ ஈ! வாழைப்பழம் கனிஞ்சா மேல சுத்துமே, பொடிப்பொடியா, அது. இல்லைன்னா வெள்ளெலி. அதுவும் இல்லைன்னா ஒரு புழு. இந்த மூணையும் நாலு வேற ஜீவனையும் வெச்சுகிட்டு உயிர்னா என்னன்னு மொத்தமா எழுதி முடிச்சுடுவாங்களாம். ஈ ஓட்டறதுன்னா என்னம்மா அர்த்தம், நம்ம பேச்சுல? வேலை வெட்டி இல்லாம உட்கார்ந்திருக்கறது. எங்க கட்டிடத்துல மட்டும் ஈ ஓட்டறவருக்குத்தான் பெரிய அறை, ஏசி, கதவுல பித்தளைப் பலகை.

ஈக்காரர்னு ஒருத்தர் இருக்கார், கீழ் மாடி முழுக்க அவரோடதுதான். எனக்குக் கிளாஸ்மேட். அவர் ஈக்காரர், நான் பாச்சைக்காரி. இது கரப்பான்பாச்சை இல்லைன்னு நானும் இத்தனை வருஷமா சொல்லிப் பார்த்துட்டேன். அன்னிக்குப் பரீட்சைக்குப் படம் வரையத் தெரியாம என் நோட்டைப் பார்த்து வரைஞ்ச ஆள். தவளைக்கு அஞ்சு கால் போட்டு வெச்சார். நான் வரைஞ்சதுல நாலு காலும் ஒரு அம்புக்குறியும் இருந்துச்சு, இவர் அம்புக்குறியையும் சேர்த்து வரைஞ்சுட்டார்! அவர்தான் இப்ப துறைத் தலைவர்.

இல்ல, நான் ஈயைத் திட்டல. வக்கீல் முன்னாடி ஒருதலைப்பட்சமாப் பேசக்கூடாது. ஈ நல்ல ஈதான். பத்து நாள்ல ஒரு தலைமுறை. இத்தனூண்டு சீசாவுல குடும்பமே குடித்தனம் பண்ணும். இங்கேர்ந்து உலகத்தோட அந்தக் கோடிக்கு பார்சல் அனுப்பலாம், அங்க இருக்கிறவர் அதே சோதனையைச் செஞ்சு, ஆமாம் சரிதான்னு சொல்லலாம். என் பூச்சியை வெச்சு நான் ஒண்ணு சொன்னா, யார் சரிபார்க்கறது? வேற எவன் வளர்க்கறான்? ஈக்காரர் அதைத்தான் கேட்டார். கேள்வி நியாயமானதுதான், கேட்ட ஆள்தான் சரியில்ல.

ஆனா யோசிச்சுப் பாருங்க. உலகத்துல பேர் வெச்ச பூச்சி மட்டும் பத்து லட்சம் இனம். நீங்க ஒரே ஒரு வீட்டை எட்டிப் பார்த்துட்டு, மனுஷங்க இப்படித்தான் வாழ்வாங்கன்னு தீர்ப்பு எழுதுவீங்களா? அதுவும் எந்த வீடு? வீடே இல்ல, ஹோட்டல் ரூம்! வேளாவேளைக்கு சாப்பாடு, ஒரே சூடு, ஒரே குளிரு, எதிரி கிடையாது, மழை கிடையாது, அலைச்சல் கிடையாது. அந்த ஈயோட கொள்ளுப்பாட்டிக்குப் பாட்டிக்குப் பாட்டிகூட வெளியுலகத்தைப் பார்த்ததில்ல. அதுகிட்டப் போய், உலகம் எப்படிம்மா இருக்குன்னு கேட்டா அது என்ன சொல்லும்?

இதைப் பாருங்க, என் பூச்சியை. பூச்சிகளுக்கு இறக்கை முளைக்கிறதுக்கு முன்னாடியே தனியாப் பிரிஞ்சு வந்த வம்சம். ஈ ஒரு தடவை பெரிசாயிட்டா அவ்வளவுதான், அதுக்கப்புறம் தோல் உரிக்காது, கால் போனா போனதுதான். இது சாகிற வரைக்கும் உரிச்சுக்கிட்டே இருக்கும். ஒரு மீசை உடைஞ்சா அடுத்தடுத்த உரிப்புல திரும்ப முளைக்கும். கிழவிக்கு முளைக்கும்! ஈயைக் கேட்டா இது தெரியுமா? எலியைக் கேட்டா தெரியுமா? எதைக் கேட்கணுமோ அதைக் கேட்கணும்.

டீ குடிக்கறீங்களா? இல்லையா? நான் போட்டுக்கறேன். பேசிப் பேசித் தொண்டை வறண்டு போச்சு… இங்கேயே இருங்க, சமையலறை பக்கத்துலதான், காதுல விழும்.

என் தங்கச்சியும் நானும்தான் இந்த வீட்டுல. அவ பல் டாக்டர், இந்நேரம் எவன் வாயிலயாவது குடைஞ்சுகிட்டு இருப்பா. அவ சட்டம் போட்டு வெச்சிருக்கா: ஆறு கால் உள்ளது எதுவும் வாசப்படி தாண்டக்கூடாது. எட்டுக் காலுக்கும் அதே சட்டம். அவ முளைக்கவே முளைக்காத பல்லோட போராடறவ, நான் முளைக்கிற மீசையோட போராடறவ. "அக்கா, உன் பூச்சியோட ரகசியத்தைக் கண்டுபிடிச்சுச் சொல்லு, என் கிளினிக்கை மூடிடறேன்"னு கிண்டல் பண்ணுவா. கிண்டல்தான், ஆனா அடிப்படை ஆராய்ச்சின்னா என்னன்னு ஈக்காரரைவிட அவளுக்கு நல்லாப் புரிஞ்சிருக்கு. இன்னிக்கு இந்த பாட்டில் இங்க இருக்கறதைப் பார்த்தா என்னை வெளியில தள்ளிக் கதவைச் சாத்திடுவா. அதனாலதான் நான் எப்பவும்… சரி, அது அப்புறம்.

எங்க விட்டேன்? நாளைக்கு. ஆமா, நாளைக்குக் காலையில என் அறைக்கு ஒரு கமிட்டி வருது. வெளியிலேர்ந்து மூணு பேர். அறை எனக்கா, ஈ சீசா அடுக்கவான்னு முடிவு பண்ண. ஈக்காரர்தான் எழுதிப் போட்டார், இடப் பற்றாக்குறையாம். அவங்க ஒரே ஒரு விஷயம் பார்க்கணும்னு சொல்லியிருக்காங்க. நடனம்.

நடனம்தான், சரியாத்தான் கேட்டுச்சு உங்களுக்கு. உங்க கேஸ் கட்டை அரிக்கிற அந்த ஜீவன் ஆடும். கல்யாணம் கட்டிக்கிறதுக்கு முன்னாடி. ஆணும் பொண்ணும் எதிர் எதிரா நின்னு, மீசை நுனியால மீசை நுனியைத் தொடும், நடுங்கி நடுங்கி. தொட்டதும் ரெண்டும் பின்வாங்கும். திரும்ப வரும். திரும்பப் பின்வாங்கும். பார்த்துகிட்டு இருக்கிற நமக்குப் பொறுமை போயிடும், அதுகளுக்குப் போகாது. அப்புறம் அவன் ஓடுவான், அவ துரத்துவா. நல்லாக் கேளுங்க, அவ துரத்துவா. அப்புறம் பக்கத்துல பக்கத்துல நின்னு, அவன் வாலை அவ மேல உதறி உதறி… கடைசியில அவன் ஒரு மெல்லிசான இழை இழுத்துக் கட்டி, அதுக்கடியில தன் விந்துப் பொட்டலத்தை வெச்சுட்டு ஒதுங்கி நின்னுடுவான். அவ இழைக்கடியில நுழைஞ்சு, பிடிச்சிருந்தா எடுத்துக்குவா. மேல விழறது கிடையாது, பலவந்தம் கிடையாது. உங்க கோர்ட்டுக்கு வர்ற பாதி ஆம்பளைங்களை என் பெட்டி முன்னாடி உட்கார வைக்கலாம், பாடம் படிக்கட்டும்.

இதை வெச்சுத்தான் என் பேரு. இந்த நடனத்தைப் பத்தி நான் பேசாத கூட்டம் இல்ல. "ஒரே மாதிரி ஜீவன்களையே கட்டிகிட்டு அழாதீங்க, வெளியில எத்தனை விதம் இருக்கு பாருங்க"ன்னு மேடையில நின்னு ஈக்காரர் முகத்துக்கு நேராக் கேட்டவ நான். வாயில ஈ போறது தெரியாம உட்கார்ந்திருந்தார். அவருடைய ஈதான் போயிருக்கும்.

அதனால நாளைக்கு ஆடணும். பெட்டியைத் திறந்தா, நாலஞ்சு ஜோடியாவது ஆடணும். ஒண்ணு ஆடினா தற்செயல்னு சொல்லிடுவார். படம் காட்டினா, என்னைக்கோ எடுத்த பழைய படம்னு சொல்லிடுவார். சொல்லியாச்சு.

என்ன கஷ்டம்னா… ஆடலை.

ஆடறதில்ல, வக்கீலம்மா. என் பெட்டியில இருக்கிற ஒண்ணும் ஆடறதில்ல. ரெண்டு மூணு வருஷமா. பொட்டலத்தைப் போற போக்குல கீழ போட்டுட்டுப் போறான். கூட்டத்துல எவளோ மிதிச்சு, எடுத்துக்கறா. இழையும் இல்ல, நடுக்கமும் இல்ல. எதுக்கு ஆடணும்? திரும்பின பக்கமெல்லாம் பொண்ணு. வேளாவேளைக்கு ஓட்ஸ். ஒரே சூடு, ஒரே ஈரம். எதிரி கிடையாது, அலைச்சல்… என்ன பார்க்கறீங்க? ஆமா. இதே வார்த்தையை இப்பத்தான் சொன்னேன், ஈயைப் பத்தி. வக்கீலுக்குக் காது கூர்மை. நானும் ஒரு ஹோட்டல்தான் நடத்தியிருக்கேன். ஊரையெல்லாம் திட்டிகிட்டே, உட்கார்ந்து பொறுமையா இன்னொரு ஈயைத் தயார் பண்ணியிருக்கேன். ஈக்காரருக்கு இது தெரிஞ்சா போதும், வாழ்நாள் முழுக்கச் சிரிச்சுகிட்டிருப்பார்.

இல்ல, அதோட முடியலை. உட்காருங்க, இனிமேதான் உங்களுக்கு சம்பந்தமுள்ள இடம் வருது.

உங்க வீடு காலியாக் கிடந்துச்சா… குழாய் சொட்டுதா, ஜன்னல் மூடியிருக்கான்னு பார்த்துக்கச் சொல்லி வீட்டுச் சொந்தக்காரர் சாவியை எங்கிட்டதான் குடுத்துட்டுப் போனார். இங்க தங்கச்சி சட்டம். அங்க பெட்டியில நெரிசல். எதிர்ல பூட்டின வீடு, இருட்டு, குளியலறைப் பரண், சுவர் விரிசல், ஊர்ப்பட்ட பழைய செய்தித்தாள். நீங்களே சொல்லுங்க, நீங்களா இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?

விட்டேன்.

ஆமா, நான்தான் விட்டேன். ஒரு பெட்டி நிறைய. ஏதாவது வேலை பார்த்துத்தான் சாப்பிடணும்னு ஒரு நிலைமை வந்தா என்ன ஆகும்னு பார்க்க. பல்லி இருக்கு, குளிரு இருக்கு, ஒண்ணுக்கு ஒண்ணு அறை தாண்டித் தேடிப் போனாத்தான் துணை. அப்புறம் ஒரு நாள் சாயங்காலம், கைவிளக்கைத் துணி சுத்திப் பிடிச்சுகிட்டு, உங்க பரண் மேல ஏறிப் பார்க்கறேன்… ஆடுதுங்க! அதுகளோட பிள்ளைங்க! யாரும் சொல்லிக் குடுக்கலை, ஒருத்தரும் ஆடிக் காட்டலை. மறந்துபோகவே இல்லம்மா அதுகளுக்கு. தேவைப்படலை, அவ்வளவுதான். உங்க குளியலறைப் பரண்ல உட்கார்ந்து நான் அழுதேன்னு சொன்னா நம்புவீங்களா? ஏணி ஆடினதுல பாதி பயம், பாதி சந்தோஷம்.

ஒரு வெளியூர்க் கூட்டத்துக்குப் போயிட்டுத் திரும்பி வந்து பார்த்தா, வாசல்ல உங்க செருப்பு. சொந்தக்காரர் ஒரு வார்த்தை சொல்லலை. சாவியையும் என் தங்கச்சிகிட்டேர்ந்து வாங்கிட்டுப் போயிட்டார். முந்தாநாள் உங்க வீட்டுக்கு பேப்பர் மாறி வந்துதான்னு கேட்க வந்தேனே? நேத்து குழாய் சத்தம் கேட்குதான்னு கேட்டேனே? இன்னிக்குக் காலையில சர்க்கரை? நான் சர்க்கரையே போட்டுக்கறதில்ல. எல்லாம் எப்படியாவது உள்ள நுழைஞ்சு பரண் மேல ஏறத்தான். நாலஞ்சு ஜோடி பிடிச்சுட்டாப் போதும், அப்புறம் நீங்க மருந்தடிங்க, குண்டு போடுங்க, நான் கேட்க மாட்டேன். ஒரு மணி நேரம் குடுங்க. ஏணி என்னோடது.

ஏன் எழுந்துட்டீங்க? கோபமா? கோபப்படாம வேற என்ன பண்ணுவீங்க. உங்க கட்சிக்காரங்களோட கேஸ் கட்டையெல்லாம் அரிச்சதுக்கு நான் பொறுப்பு, ஒத்துக்கறேன். இதுக்கு என்ன செக்ஷன் வரும்? அத்துமீறி நுழைஞ்சதா? நுழைய வெச்சதா? வழக்கு போடுங்க, நானே எனக்கு எதிரா சாட்சி சொல்றேன். ஆனா நாளைக்கு மத்தியானத்துக்கு அப்புறம். வக்கீலம்மா, பாட்டிலை எடுக்காதீங்க… சரி, உங்க பாட்டில்தான், ஊறுகாய் பாட்டிலை யாரும் சொத்துல சேர்த்துக்கப் போறதில்ல… துண்டை எடுக்காதீங்கன்னா…

என்ன? ஏன் அப்படியே நின்னுட்டீங்க? என்ன தெரியுது உள்ள?

தள்ளுங்க.

…

அம்மாடி.

லைட்டை அணைங்க. அணைங்க, அணைங்க. கைவிளக்கு போதும். ச்சூ… மெதுவா. பாருங்க, அட்டை ஓரத்துல. மீசை. மீசை பாருங்க. நடுங்குதா? ஐயோ என் கண்ணுங்களா. நான் இத்தனை நேரம் பேசிகிட்டிருந்தேன், அதுகள் துண்டுக்கடியில… ச்சூ, பேசாதீங்க! ஆமா, நான்தான் பேசறேன், தெரியுது.

என் ஃபோன் எங்க? இதோ. படம் எடுக்கணும். டீ டம்ளர் மேல சாய்ச்சு வெச்சுக்கறேன்… ம், விழுது. ஓடறான், ஓடறான். இப்ப அவ துரத்துவா பாருங்க. என்ன? நம்பரா? இப்பவா? ஃப்ரிட்ஜ் மேல இருக்கும்மா, பல்லு மாதிரி ஒரு காந்தம், அதுக்கடியில சீட்டு. எடுத்துக்கங்க, எதை வேணா எடுத்துக்கங்க, சத்தம் போடாம நடங்க…

துரத்தறா. சொன்னேனா இல்லையா? சொன்னேனே! இது பரண்ல பிறந்ததும்மா, பெட்டியைப் பார்த்ததே இல்ல. இவளுக்கு யாரும் ஓட்ஸ் போட்டதில்ல… பழைய பேப்பரும் உங்க கேஸ் கட்டும் தின்னு வளர்ந்தவ. உங்களுக்கே பெருமையா இருக்க வேணாமா, வக்கீலம்மா?

வக்கீலம்மா?

…போயிட்டாங்க. கதவு திறந்து கிடக்கு. செருப்பைக்கூடக் கையில தூக்கிகிட்டுப் போயிருக்காங்க. சத்தம் போடாம நடங்கன்னு நான்தானே சொன்னேன். நல்ல மனுஷி. நான் சொன்னதைக் கேட்ட முதல் ஆள்…

ஐயையோ. சீட்டு!

வக்கீலம்மா… வக்கீலம்மாஆ… கேட்குதா… அடிக்கச் சொல்லாதீங்கம்மா… சத்தமாக் கூப்பிட முடியாது, இதுகள் மிரண்டுடும்… ஒரு மணி நேரம்தான் கேட்டேன்… கமிட்டி நாளைக்கு வருதும்மா… ஒரு ஜோடி ஆடினா தற்செயல்னுடுவார்மா… ஃபோன்ல கூப்பிடலாம்னா ஃபோன்லதான் படம் பதிவாகிகிட்டிருக்கு… எழுந்து ஓடலாம்னா… இவன் வாலை உதற ஆரம்பிச்சுட்டானே… பக்கத்துல வந்து நின்னுட்டாளே…

யாரு இது இப்ப? எதுக்கு அதிருது? இந்த நேரத்துல எவன்…

மருந்துக்காரர்.

எடுத்தா படம் நின்னுடும். கையை நீட்டினா நிழல் விழும். இழை இழுக்கறான்… இதோ, கண்ணுக்குத் தெரியுது இழை… இருங்க ஐயா, இருங்க, வெச்சுடாதீங்க, ரெண்டே நிமிஷம்… எடுக்கலைன்னா அடிச்சுக்கலாம்னு எந்த மகராசி சொல்லி வெச்சது?

நான்தான். வேற யாரு.

…நின்னுடுச்சு. ஃபோன்தான். இவ நிக்கலை, இழைகிட்ட வந்துட்டா. இதோ வரேன் வக்கீலம்மா… இதோ, வந்து உங்க கால்ல விழறேன்… இவ மட்டும் இந்த இழைக்கடியில நுழைஞ்சுடட்டும்…

வாடி என் கண்ணு. வா.